கச்சான் காற்று வீசும் ஊரில் ஏசி

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

கீழக்கரையில் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் துபாய், குவைத் என்று பிழைக்கப் போய் வந்தவர்கள். கோடையில் ஐம்பது டிகிரியை எட்டுகிற அந்த நாடுகளில் ஏசி ராப்பகலாக ஓடுவது பகட்டல்ல, உயிர்காப்பு. ஆனால் அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டு வந்துவிடுகிறோமே, அதுதான் என் கவலை.

அமெரிக்காவில் சராசரியாக ஒரு வீடு மாதத்துக்குச் சுமார் 900 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது. நம் அரசு 2016-ல் வீடுகளுக்கு இலவசமாக்கியது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அங்கே பெரும்பாலும் வீடு முழுவதையும் குளிர்விப்பார்கள், துணியைக்கூட மெஷினில்தான் காயவைப்பார்கள்.

ஜப்பானும் பணக்கார நாடுதான். அங்கே குளிர்காலத்துக்குக் கொட்டாட்சு என்று ஒரு குட்டை மேசை உண்டு. அடியில் சின்ன ஹீட்டர், மேலே கனத்த போர்வை. குடும்பமே காலை உள்ளே நீட்டி உட்கார்ந்துகொள்ளும். அறை சில்லென்று கிடக்கும், ஆளுக்குக் குளிராது. குளியலிலும் அப்படித்தான் சிக்கனம். உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். ஒரே தண்ணீர் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். மிச்சம் பல வீடுகளில் வாஷிங் மெஷினுக்குப் போகும்.

நம் மின்விசிறியும் இந்தக் கணக்குதான். அறையை அது குளிர்விக்காது, ஆளைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஓடினால் தண்டச் செலவு. பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் தொட்டுப் பாருங்கள், சுடும். வேகத்தைக் குறைத்து நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த கரன்டில் ஒரு பங்கு அந்தச் சூடாகவே போகிறது. அதை முதலில் மாற்றுங்கள். புது விசிறி வாங்கினால் பிஎல்டிசி என்கிற, கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்ததாக வாங்குங்கள். பழையது 75 வாட் இழுக்குமிடத்தில் இது முப்பது வாட் சுமாரில் ஓடும். ஏசி தேவைப்படும் வீட்டிலும் 26-ல் வைத்து விசிறியைச் சேர்த்துப் போட்டால் போதும்.

வெயிலையும் நாம் வீணாக்குகிறோம். இஸ்ரேலில் புது வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர் 1980 முதல் சட்டப்படி கட்டாயம். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. அதே வெயில் காயும் மொட்டைமாடிக்குக் கீழே நாம் 2000 வாட் கீசர் போடுகிறோம்!

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, சூடு மேலேறிப் போய்விடும். அதை மூடிவிடாதீர்கள். கச்சான் எந்தப் பக்கம் அடிக்கும், வாடை எந்தப் பக்கம் வரும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, எதிரெதிரே ஜன்னல் வைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் நூல் பிடிப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.