மாற்று இதயமும் திசுப் பொருத்தமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பவரின் குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கேட்பது, கொடையாளரின் திசு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத்தான். நியாயமான கேள்வி, ஆனால் இதய மாற்றில் அதற்கான முழு விடை பல நேரங்களில் அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னரே வந்து சேர்கிறது. எடுக்கப்பட்ட சிறுநீரகத்தைக் குளிர்ந்த நிலையில் ஒரு நாள் வரையிலும் வைத்திருக்கலாம். இதயத்தையோ, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுசெல்லும் வழக்கமான முறையில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மற்றோர் உடலில் பொருத்தி ரத்தம் பாயச் செய்தாக வேண்டும். ஆகவே ரத்த வகை, உடல் அளவு, தூரம், நோயாளியின் அவசர நிலை ஆகியவையே இதயம் யாருக்கு என்பதை முடிவு செய்கின்றன.

அப்படியானால் திசுப் பொருத்தத்தால் பயனே இல்லையா? உண்டு. 1958-இல் பிரான்சின் ழான் தோசே கண்டறிந்து, 1980-இல் நோபல் பரிசு பெறக் காரணமான எச்.எல்.ஏ. புரதங்களே, 'இது என் உடல், இது அயல்' என்று நம் வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டுபவை. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் நமக்கு வருகின்றன. வழக்கமாக ஒப்பிடப்படுபவை ஆறு அடையாளங்கள். ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஓபெல்ஸ் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறில் ஒன்றுகூட மாறுபடாத அல்லது ஒன்று மட்டுமே மாறுபட்ட இதயங்களில் 83 சதவீதம் மூன்றாண்டுக்குப் பின்னும் இயங்கின. மூன்று முதல் ஆறு வரை மாறுபட்டவற்றில் 71 சதவீதம். ஆனால் ஆராயப்பட்ட 8,331 இதயங்களில் அந்த நல்ல பொருத்தம் வாய்த்தவை வெறும் 128. அதற்காகக் காத்திருக்கச் சொல்வது, இன்றைய நிலையில், நோயாளியைச் சாவின் பக்கம் தள்ளுவதாகவே முடியும் என்பது என் கருத்து. எஞ்சிய மாறுபாட்டைச் சமாளிக்கும் பொறுப்பை, உடலின் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரினும் அதற்குப் பின் வந்த மருந்துகளும் ஏற்றுக்கொள்கின்றன.

மருந்துகளால் எளிதில் சமாளிக்க முடியாதது வேறொன்று உண்டு: நோயாளியின் ரத்தத்தில் முன்பே உருவாகியிருக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது அயல் அடையாளங்களைத் தாக்க உடலே உருவாக்கும் புரதங்கள். கருவுற்ற தாயின் உடல், குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற எச்.எல்.ஏ. புரதங்களைச் சந்திக்கிறது, ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடல், அந்த ரத்தத்திலுள்ள அயல் வெள்ளை அணுக்களைச் சந்திக்கிறது. அந்த நினைவு பல ஆண்டுகள் தங்கிவிடலாம். அதே அடையாளத்தோடு ஓர் இதயம் வந்தால், பொருத்திய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அது செயலிழக்கக்கூடும்.

இதை முன்னரே அறியும் வழியைத் தெளிவாக்கியவர்கள், சிறுநீரக மாற்றை ஆராய்ந்த பட்டேலும் பால் டெரசாகியும். கொடையாளரின் வெள்ளை அணுக்களோடு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, கலந்து, அணுக்கள் மடிகின்றனவா என்று பார்ப்பதே அச்சோதனை. 1969-இல் அவர்கள் காட்டிய கணக்கில், அணுக்கள் மடிந்த 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. மடியாத 195 பேரில் எட்டுப் பேருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது.

இந்தச் சோதனையைச் செய்து முடிக்கும் நேரம்கூட இதயத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் காத்திருக்கும் காலத்திலேயே நோயாளியின் சீரத்தை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. புரதம் பூசப்பட்ட நுண்மணிகளோடு சேர்க்கிறார்கள். எதிர்ப்பொருள் ஒட்டிய மணி ஒளிரும். எந்தெந்த அடையாளங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிடும். மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் திசு வகை தெரிந்தவுடன், இதயத்தை எடுக்கும் முன்பே அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம்.

இந்தப் பட்டியல் நீண்டவர்களுக்குக் காத்திருப்பும் நீள்கிறது. குழந்தை பெற்ற பெண்கள் பலர் இந்நிலையில் உள்ளனர். ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம் போன்ற முறைகளால் எதிர்ப்பொருள்களைக் குறைக்க முயல்கிறார்கள். எல்லோரிடமும் அது பலிப்பதில்லை. காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், வேறு மருத்துவமனையில் ஏற்றியிருந்தாலும், அதை இதய மாற்றுக் குழுவிடம் தவறாமல் சொல்லுங்கள். சில வாரங்களில் புதிய எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கலாம் என்பதால், பழைய பட்டியலை நம்பாமல் அவர்கள் சீரத்தை மீண்டும் சோதிப்பார்கள்.