400 ரூபாய் நீலமும் பாறைமேல் மூன்று முதுகுகளும்

வணக்கம் மக்களே! முதலில் ஒரு புலம்பல், அப்புறம்தான் படம். கோபால்ட் நீல எண்ணெய் வண்ணம் 37 மில்லி டியூப் 2000 ரூபாயைத் தொட்டுவிட்டது. நான் தயங்குவதைப் பார்த்த கடைக்காரர், "இதை எடுத்துக்கங்க, அதே கலர்தான்" என்று 400 ரூபாய் டியூப் ஒன்றை நீட்டினார். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு, பிபி29. அது அல்ட்ராமரைன், வேறொரு மலிவான நீலம்! கோபால்ட் என்றால் பிபி28 என்று இருக்க வேண்டும். முன்பக்கத்தில் பெரிதாகக் கோபால்ட், அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் 'ஹ்யூ', அதாவது சாயல் மட்டும்தான், அசல் நிறமி இல்லை. டியூபின் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் பர்ஸைத் திறக்க மாட்டேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2000 கொடுத்தே வாங்கினேன். வயிறு இன்னும் எரிகிறது.

சரி, படம். போன வீடியோவில் வானத்தோடு நிறுத்திய அதே படம்தான், ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1822இல் வரைந்த நிலா உதயம். அசல் பெர்லினில் இருக்கிறது, 55க்கு 71 சென்டிமீட்டர். பால்டிக் கடலோரம், ஒரு பெரிய பாறை, அதன்மேல் இரண்டு பெண்களும் ஓர் ஆணும். மூவரும் நமக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார்கள்.

முகம் வரைய வேண்டாம், அப்பாடா என்று நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். முகம் இல்லையென்றால் எல்லாவற்றையும் தோள்தான் சொல்ல வேண்டும். தோள் ஒரு நூல் ஏறினாலும் நிலா பார்க்கிறவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் ஆகிவிடுவார்.

கறுப்பு டியூபை நான் தொடவே இல்லை, அது படத்தில் ஓட்டை போட்டதுபோல் தெரியும். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் அல்ட்ராமரைனும் கலந்தாலே போதும். வெளிச்சத்துக்கு எதிரே வரும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும், பாறையோடு சேரும் இடத்தை உலர்ந்த பிரஷால் லேசாகத் தேய்த்துக் கரைத்துவிடுங்கள்.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்தப் பெண்ணின் பிடரி தெரிகிறதா? தலைக்கும் தோளுக்கும் நடுவில் அரிசிமுனை அளவு இடம். உள்ளிருந்து வரைந்தால் கழுத்து தடித்துக்கொண்டே போனது. அதனால் வெளியிலிருந்து வானத்தின் மஞ்சளை வைத்து இரண்டு பக்கமும் செதுக்கினேன். தலை சாய்ந்தது பாருங்கள்! ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனது. இன்னொரு தடவை காட்டட்டுமா? காட்டுகிறேன், பாருங்கள்.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். வானம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உருவங்களில் கை வைத்தேன். டைட்டானியம் வெள்ளை காய நாளெடுக்கும், அம்பர் சீக்கிரம் காயும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். இதை மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

இன்னொன்று. பிரீட்ரிக்குக்கு டியூப் தொல்லையே கிடையாது. உலோக டியூபுக்குக் காப்புரிமை வாங்கியது 1841இல், அவர் இறந்ததோ 1840இல்.

மிச்சம் இரண்டு பாய்மரக் கப்பல்கள். எனக்குக் கப்பல் கயிறு என்றாலே ஆகாது. அவரே 'கடலோரத் துறவி' படத்தில் முதலில் கப்பல்களைக் கோடிட்டு, பிறகு எடுத்துவிட்டார், அகச்சிவப்புப் படத்தில் அது தெரிந்தது. ஆனால் இங்கே அந்தச் சலுகை இல்லை. கப்பலை எடுத்துவிட்டால் இந்த மூவரும் எதைப் பார்ப்பார்கள்? அடுத்த வீடியோவில் கயிறுதான், திட்டிக்கொண்டே வரைகிறேன், வாருங்கள்.