டெபியன் போட்டாச்சு, லேப்டாப் எழுந்திரிக்க மாட்டேங்குது!

(கருப்பு ஸ்கிரீன், ஒரே ஒரு வரி)

வணக்கம் மக்களே. இந்த வரி தெரியுதா, "நோ பூட்டபிள் டிவைஸ்". நம்ம பிளாக் கீழ் வீட்டுத் தம்பியோட செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இது. நேத்து ராத்திரி டெபியன்ங்கிற லினக்ஸ் போட்டிருக்கான், கடைசி வரைக்கும் ஒரு எரர் கூட வரல, ரீஸ்டார்ட் பண்ணதும் இப்படி நின்னுடுச்சு. "அண்ணே, ரிப்பேருக்கு சிம் லிம் ஸ்குவேர் கொண்டு போகவா"ன்னு காலையிலயே கதவைத் தட்டிட்டான்.

அவசரப்படாதீங்க. இப்படி நிக்கிறப்போ பெரும்பாலும் லினக்ஸ் டிஸ்க்ல பத்திரமாத்தான் இருக்கும், அது எங்க இருக்குன்னு லேப்டாப்புக்குத் தெரியாது, அவ்ளோதான். பிளாக் நம்பர் மட்டும் குடுத்துட்டு யூனிட் நம்பர் குடுக்கலன்னா டெலிவரிக்காரர் லிஃப்ட் வாசல்லயே நிப்பாருல்ல, அதே கதை.

எல்லாரும் முதல்ல செக்யூர் பூட்டை, அதாவது நம்பிக்கையான சிஸ்டத்தை மட்டும் ஸ்டார்ட் ஆக விடுற காவலை, ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். 2019ல வந்த டெபியன் 10லேருந்தே அது செக்யூர் பூட் ஆன்ல இருந்தாலும் ஓடும், நீங்க பாட்டுக்கு மாத்தி வச்சு பக்கத்துல இருக்கிற விண்டோஸ், டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டுச்சுன்னா அது வேற தலைவலி.

சரி, இன்ஸ்டால் பண்ண அதே யூஎஸ்பியை சொருகுங்க. எதுலேருந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்குற பூட் மெனுவுல சில சமயம் ஒரே யூஎஸ்பி ரெண்டு தடவை தெரியும், முன்னாடி யூஇஎஃப்ஐன்னு (லேப்டாப் ஸ்டார்ட் ஆகுற புது முறை, பழசு பயாஸ்) போட்டிருக்கிறதை எடுங்க. உள்ள போனதும் மேல தலைப்பைப் படிங்க, அங்கயும் யூஇஎஃப்ஐன்னு இருக்கணும், பயாஸ்னு இருந்தா தப்பான வாசல்ல நுழைஞ்சிட்டீங்க, திரும்பிப் போங்க.

(ஸ்கிரீன்ல: ரெஸ்க்யூ மோட்)

அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ரெஸ்க்யூ மோட். மொழி, கீபோர்ட் எல்லாம் கேக்கும், தட்டிக்கிட்டே போங்க. ரூட் பார்ட்டிஷன், அதாவது லினக்ஸ் உக்காந்திருக்கிற டிஸ்க் பகுதி, எதுன்னு கேக்குறப்ப மட்டும் சைஸைப் பார்த்து எடுங்க. அப்புறம் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் பண்ணவான்னு ஒரு கேள்வி வரும், யெஸ் குடுங்க, ஏன்னா லினக்ஸை ஸ்டார்ட் பண்ணிவிடுற கிரப்போட ஃபைல் போய் உக்கார வேண்டிய இடமே அதுதான்.

கமாண்ட் அடிக்கிற ஷெல்லைத் திறந்து, லேப்டாப்போட பூட் லிஸ்டைக் காட்டுற இந்த கமாண்டைப் போட்டேன், இஎஃப்ஐ பூட் எம்ஜிஆர். (ஆமா, மேனேஜரைச் சுருக்குனா எம்ஜிஆர்தான், தம்பி சிரிச்சுட்டான்.) லிஸ்ட்ல டெபியனே இல்ல! கிரப்பை ரீஇன்ஸ்டால் பண்ணோம், பேரு வந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணா மறுபடியும் காணோம். சில லேப்டாப்போட ஃபெர்ம்வேர் (போர்டுலயே பதிஞ்சிருக்கிற சாஃப்ட்வேர்) இப்படித்தான், எழுதி வச்சதை மறந்துடும், பூட்ங்கிற ஃபோல்டருக்குள்ள பூட் எக்ஸ் 64ங்கிற ஃபைல் இருக்கான்னு மட்டும்தான் தேடும்.

அதுக்கும் ரெஸ்க்யூ மெனுவுலயே வழி இருக்கு. கிரப்பை ரிமூவபிள் மீடியா பாத்ல ஃபோர்ஸ் பண்றதுன்னு ஒரு வரி, அதை அழுத்துனா அந்தப் பேர்லயே ஒரு காப்பி போட்டுடும். யூஎஸ்பியைக் கழட்டிட்டு ரீஸ்டார்ட்.

(கிரப் மெனு தெரிகிறது)

வந்துருச்சு பாருங்க. தம்பி, போய் ரெண்டு தே தாரிக் பொட்டலம் கட்டிட்டு வா.