செப்சிஸ் வைத்தியம்: எவ்வளவு, எப்போது?

எல்லோருக்கும் வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்களிடம் "ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன் பரவிவிட்டது" என்று டாக்டர்கள் சொல்வார்களே, பெரும்பாலும் அது செப்சிஸ்தான். ஆளைச் சாய்ப்பது கிருமி மட்டும் அல்ல. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் தற்காப்பே தறிகெட்டுப் போய் சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று சொந்த உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்கும். லான்செட் இதழில் 2020இல் வந்த கணக்குப்படி, 2017ஆம் ஆண்டில் மட்டும் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, அவர்களில் 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். உலகில் அந்த ஆண்டு நேர்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று.

சரி, மருந்து? அமெரிக்காவில் 2001இல் பெரிய எதிர்பார்ப்போடு ஒன்று அனுமதி பெற்றது. ஸைக்ரிஸ் என்று பெயர். மறுபடி சோதித்தபோது உயிர் காக்கவில்லை என்று தெரிந்து, 2011இல் தயாரித்த கம்பெனியே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் வைட்டமின் சி அலை. 2017இல் ஓர் அமெரிக்க மருத்துவமனையிலிருந்து வந்த கட்டுரையில், வைட்டமின் சி, தயமின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் 4 பேர்தான் இறந்தார்கள். அதற்கு முன் கொடுக்காமல் பார்த்த 47 பேரில் 19 பேர். உலகமே துள்ளியது. முறையாகக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தால்தானே உண்மை தெரியும்? 2022இல் 872 பேரிடம் வைட்டமின் சியைத் தனியாகச் சோதித்தார்கள். சாவு அல்லது தொடரும் உறுப்புச் செயலிழப்பு, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5. நன்மை போகட்டும், கெடுதலே கூடுதல்!

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த நல்ல விளைச்சல் புது மருந்து அல்ல. கையில் ஏற்கெனவே இருப்பதை எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று சோதித்துப் பார்த்ததுதான்.

இதில் என்னை உலுக்கிய ஆய்வு ஆப்பிரிக்காவில் நடந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குறைந்து, கைகால் சில்லிட்டு வந்த குழந்தைகள். மலேரியாக் குழந்தைகள்தான் பாதிக்கும் மேல். பாடப்புத்தகம் என்ன சொல்லும்? சலைனை வேகமாக ஏற்று. நம் ஊரிலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்காத வீடு உண்டா? அங்கே ஒரு பகுதியினருக்கு வேகமாகச் சலைன், இன்னொரு பகுதிக்கு அதே வேகத்தில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல், மூன்றாம் பகுதிக்கு அந்த வேகமான ஏற்றுதல் கிடையாது. மற்ற சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றே. 3,141 குழந்தைகள் சேர்ந்த நிலையில், 2011இல் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3. யாரும் இப்படி எதிர்பார்க்கவில்லை. வென்டிலேட்டர் இல்லாத இடங்கள் என்பதால் எல்லா ஊருக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது என்ற வாதம் எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், சலைனைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை முன்கூட்டித் தொடங்கியதற்கும், தாராளமாக ஏற்றியதற்கும் சாவில் வேறுபாடு இல்லை. பாட்டிலும் ஒரு மருந்துதான், அதற்கும் அளவு உண்டு.

போதுமா என்று எப்படித் தெரியும்? தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் விரல் நுனியைப் பார்த்தார்கள். நுனியை அழுத்தி விட்டால் வெளுத்துப்போன இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். இதை வைத்து 212 பேருக்கும், ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளை அளந்து 212 பேருக்கும் சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் விரல் பக்கம் 34.9 சதவீதம், லாக்டேட் பக்கம் 43.4. புள்ளியியல் கணக்கில் மயிரிழையில் தவறியதால் வெற்றி என்று அறிவிக்க முடியவில்லை. ஆனாலும் லேப் இல்லாத ஊரில்கூடச் செய்யக்கூடிய சோதனை இத்தனை தாக்குப்பிடித்ததே பெரிது.

ஆன்டிபயாடிக் கதை இரண்டு விதம். அதிர்ச்சி நிலையில், ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நிறுத்துவதில் நிதானம் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம். 2024இல் 3,608 பேரிடம் நடந்த சோதனையில், ரத்தத்தில் கிருமி உள்ளவர்களுக்கு 14 நாளைவிட 7 நாள் எந்த விதத்திலும் குறைவில்லை என்று வந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற முரட்டுக் கிருமிகளுக்கு இது பொருந்தாது. பிரசவ வலியின்போது ஒரே வேளை அசித்ரோமைசின் கொடுத்து, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 29,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்ததில், தாய்க்கு செப்சிஸோ சாவோ நேர்வது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. குழந்தைக்கு இதனால் பலன் தெரியவில்லை.

வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். சிறு பூச்சி கடித்துத் தொற்றி, செப்சிஸ் போலவே உறுப்புகளைச் சாய்க்கும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் பழைய மருந்துகள். தனித்தனியாகக் கொடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாவோ, விடாத சிக்கலோ, காய்ச்சலோ இருந்தது. இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது 33 சதவீதம். 2023இல் வெளிவந்தது. சாவு எண்ணிக்கை மட்டும் தனியாகக் குறையவில்லை. இந்தக் காய்ச்சலின் அடையாளமான கருப்புப் பொருக்கு வலிக்காது, அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும். டாக்டர் உடையை விலக்கிப் பார்க்கவில்லை என்றால் நீங்களே காட்டிவிடுங்கள்.