திமிலும் பெயரும்

அவையோர்க்கு வணக்கம். திமிலுள்ள மாட்டை உலக மொழிகள் எவ்வாறு அழைக்கின்றன என்று பார்த்து வந்தபோது எனக்கு ஒன்று பட்டது. அம்மாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள் அதன் பெயரில் திமிலைச் சேர்ப்பதில்லை. அதைப் புதிதாகக் கண்டவர்களுக்கே திமில் பெயராகிவிடுகிறது.

ஜெர்மானியர் அதனைக் ‘கூன் மாடு’ என்னும் பொருளில் புக்கெல்ரிண்ட் என்கின்றனர். ஜப்பானியரின் கொபுஉஷியும் சீனரின் லியூநியூவும் ‘புடைப்புள்ள மாடு’, ‘கட்டியுள்ள மாடு’ என்றே பொருள்படுகின்றன. ஆங்கிலேயர் வழங்கும் ஸெபு பிரெஞ்சிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன், சந்தையில் இம்மாட்டைக் காட்சிக்கு வைத்திருந்தவர்கள் சொன்ன பெயரை அப்படியே நூலில் ஏற்றிவிட்டார். அதன் வேர் திபெத்திய மொழி என்பாரும், கூனைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் என்பாரும் உளர். 1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் மட்டும் திமிலை விட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டு, ‘போஸ் இண்டிகஸ்’, அதாவது இந்திய மாடு, என்று பெயரிட்டார்.

மடகாஸ்கரில் நிலைமை வேறு. அங்கே மாடென்றாலே திமிலுள்ளதுதான். ஆகவே ‘ஓம்பி’ என்றால் போதும். அம்மக்களின் மொழி போர்னியோத் தீவு மொழிகளுக்கு உறவாயினும், இச்சொல் சுவாகிலியின் ‘ஙோம்பே’ முதலிய ஆப்பிரிக்கச் சொற்களுக்கு உறவு. பிரேசிலிலோ, நம் நெல்லூரின் பெயரே ‘நெலோரே’ என்று ஓர் இனத்தின் பெயராயிற்று. திமிலை அவர்கள் ‘குப்பிம்’ என்பார்கள். அது கரையானுக்கும் அதன் புற்றுக்கும் அங்கே வழங்கும் சொல். புற்றைப் பார்த்த கண்ணுக்குத் திமில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

தமிழில் பசு, காளை, எருது, ஏறு என்று ஆண் பெண் வேறுபாட்டுக்கும் பணிக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. திமிலால் அமைந்த பெயர் இல்லை. கலித்தொகையின் ‘இமில்’, ‘திமிலுடையது’ என்னும் பொருள்படும் வடமொழியின் ‘ககுத்மான்’ ஆகியவை ஏற்றின் பெருமிதத்தைப் பாடுவனவே தவிர, இனம் பிரிப்பன அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கப் பாட்டில் திமில் என்பது பரதவரின் படகு. மாட்டின் முதுகில் இருப்பது இமில். இன்று படகுப் பொருள் பேச்சிலிருந்து மறைந்து, அச்சொல் காளையின் முதுகில் ஏறிக்கொண்டது.

திமிலில்லாத ஐரோப்பிய இனங்களான ஜெர்சியும் ஃபிரீசியனும் தொழுவத்துக்கு வந்த பிறகுதான் நமக்கும் பிரித்துச் சொல்லும் தேவை வந்தது. அப்போதும் நாம் திமிலைச் சுட்டவில்லை. வந்ததைச் சீமை மாடு என்றும், இருந்ததை நாட்டு மாடு என்றும் சொன்னோம்.