ஒரே அளவு எக்ஸ்ரே, இரண்டு கூண்டு

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு கூண்டுச் சுண்டெலிகள். ஒரே இனம், ஒரே வயது. இரண்டுக்கும் ஒரே அளவு எக்ஸ்ரே. முதல் கூண்டில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. அடுத்ததில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அந்தக் கூண்டுக்கு மட்டும் சில நாள் முன்னால் எல்சிஎம் என்ற, சுண்டெலிகளைத் தொற்றும் வைரஸை ஏற்றியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதி வைத்த விஷயம் இதுதான்: வைரஸ் தொற்றிய சுண்டெலி கதிரைத் தாங்குவதில்லை.

ஏன்? கதிர் பட்ட எலி அன்றே சாகாது. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடும் செல்கள் கொஞ்சநாள் ஓட்டும். சிவப்பணு ஏறக்குறைய 40 நாள் இருக்கும்; ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு நாலைந்து நாள்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதுச் சரக்கு வராவிட்டால் கிருமியைத் தடுக்க ஆளில்லை, ரத்தக் கசிவை அடைக்கவும் ஆளில்லை. ஆகவே கேள்வி, மஜ்ஜையில் எத்தனை ஸ்டெம் செல், அதாவது புது ரத்தச் செல்களை உண்டாக்கும் தாய்ச் செல், மிச்சம் என்பதுதான்.

அதை எப்படி எண்ணுவது? 1961-இல் டொரான்டோவில் டில், மெக்கல்லக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு சுண்டெலியின் மஜ்ஜையைக் கதிரால் அழித்துவிட்டு, இன்னொன்றின் மஜ்ஜைச் செல்களை ரத்தக்குழாயில் செலுத்த வேண்டும். பத்து நாள் கழித்து மண்ணீரலை வெளியே எடுத்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய பரப்பில் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒவ்வொன்றும் ஒரே செல்லின் வாரிசுக் கூட்டம். வெறும் கண்ணால் எண்ணிவிடலாம்! இதைவிட அழகான சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கதிரின் அளவை கிரே என்ற அலகால் சொல்வார்கள். இந்தச் செல்களில் சுமார் ஒரு கிரே கதிருக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அடுத்த கிரேக்கு அதிலும் மூன்றில் ஒரு பங்கு. எல்சிஎம் தொற்றிய எலியிலோ கதிருக்கு முன்பே கையிருப்பு கரைந்திருக்கிறது. அப்புறம் அது எங்கே தாங்கும்?

சரி, கரைத்தது யார்? வைரஸ் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் எல்சிஎம் தான் புகுந்த செல்லைக் கொல்லும் ரகமல்ல. வைரஸ் புகுந்ததும் உடல் வெளியிடும் எச்சரிக்கைப் பொருள் இன்டர்ஃபெரான். 1990களில் அதை உணரும் ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு அதே வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் உடலில் தாறுமாறாகப் பெருகியது. மஜ்ஜையோ பெரிதாக அசையவில்லை. ஆக, மஜ்ஜையைப் பெரும்பாலும் ஒடுக்கியது வைரஸை விரட்ட உடலே அடித்த அபாயமணி.

அந்த மணி தூங்குகிறவர்களையும் எழுப்பிவிடுகிறது. சுண்டெலியின் ஆழ்துயில் ஸ்டெம் செல்கள் வாழ்நாளில் ஐந்தாறு முறைதான் இரண்டாகப் பிரிந்து பெருகும். இன்டர்ஃபெரான் அவற்றைப் பிரியத் தூண்டுகிறது என்று 2009-இல் தெரியவந்தது. திரும்பத் திரும்ப எழுப்பினால் டிஎன்ஏவில் சேதம் சேர்கிறது என்பது 2015-இல்.

ஆனால் எல்சிஎம் தரும் இந்த ஒடுக்கம் நிலையானதல்ல. தொற்று அடங்கியதும் மஜ்ஜை மறுபடி நிரம்பிவிடும். அதனால் கதிர்ச் சோதனை செய்பவர் எத்தனை கிரே என்று குறித்தால் போதாது. தன் எலிகளுக்கு எந்தத் தொற்று, எந்த நாளில் வந்தது என்பதும் அந்தக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.