ஆறு தெரியணும்னு வளைஞ்ச ஹாஸ்டல்

வணக்கம் நேயர்களே. ஹாஸ்டல்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும், நீளமா ஒரு வராண்டா, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல ரூம், கடைசில பாத்ரூம், அவ்ளோதான். நான் இன்னைக்குப் பேசப்போறது அப்படி இல்லாத ஒண்ணு, அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கற பல்கலைக்கழகத்துல இருக்கற பேக்கர் ஹவுஸ். 1949ல திறந்தாங்க, இப்பவும் பசங்க அங்க தங்கிப் படிக்கறாங்க. டிசைன் பண்ணவர் பின்லாந்துக்காரர் அல்வார் ஆல்டோ.

இடம் சார்ல்ஸ் ஆத்தங்கரை. ஆனா ஆத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல மெமோரியல் டிரைவ்னு ஒரு ரோடு, கார் ஓயாம போய்க்கிட்டே இருக்கும். நேரா கட்டுனா ஜன்னலைத் திறந்ததும் டிராஃபிக்தான் மூஞ்சிக்கு முன்னாடி நிக்கும். ஆல்டோ என்ன பண்ணாருன்னா, முன்பக்கச் சுவரையே பாம்பு ஊர்ற மாதிரி வளைச்சு விட்டுட்டாரு, அதனால முக்காவாசி ரூம்ல இருந்து ஆறு சாய்வா, நீளவாக்குல தெரியும், ரோடு அவ்வளவா உறுத்தாது. சுவர் வளைஞ்சா ரூமும் வளையணுமே, ஒரு மாடியில 43 ரூம்னா அதுல 22 வடிவம்! எனக்கு ஆப்பு மாதிரி வந்திருக்குன்னு ஒருத்தன் புலம்புவான், எனக்கு ஆப்பே புடிச்சிருக்குன்னு இன்னொருத்தன் சொல்லுவான், போகட்டும், ஒரே மாதிரி ரூம் குடுத்தாலும் புலம்பத்தான் செய்வாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது அந்தச் செங்கல்தாங்க. சூளையில அதிகமா வெந்து கறுத்துப்போய், முறுக்கிக்கிட்டு வர்ற கல்லை நம்ம கொத்தனார் கையில குடுத்தா தூக்கி ஓரமா போட்டுருவாரு. ஆல்டோ அதையும் நல்ல கல்லோட சேர்த்தே சுவர்ல வெக்கச் சொன்னாரு. கிட்டப் போய்ப் பாத்தா நல்ல சிவப்புக் கல்லுக்கு நடுவுல கறுப்பா ஒண்ணு கோணலா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், வெயில் பட்டா அந்தச் சுவரே சொரசொரன்னு உயிரோட இருக்கும்.

பேக்கர்ங்கறவர் அங்க மாணவர்களுக்கான டீனா இருந்தவர். 1950ல பம்பாய்ல இருந்து கிளம்புன விமானம் எகிப்துல விழுந்து இறந்துட்டாரு, அவர் பேரைத்தான் வெச்சாங்க.

அப்புறம் இந்த ஹாஸ்டல் பசங்க பண்ற ஒரு பியானோ கூத்து. 1972ல ஆரம்பிச்சது, எடுத்த பாடத்தை வேணாம்னு விடறதுக்குக் கடைசி நாள் வரும்ல, அப்போ ஒரு பியானோவை மொட்டை மாடிக்கு ஏத்தி ஆறு மாடி உசரத்துல இருந்து தள்ளி விடுவாங்க. நல்ல பியானோவை இல்லைங்க, இனி ரிப்பேரே பண்ண முடியாதுங்கற பியானோவை மட்டும்தான், அதுல கண்டிப்பா இருக்காங்க.